வினாடிக்கு நான்கு சொட்டு

சிற்றணை லஸ்கர் என்றால்
ஷட்டர் திருகுகிறவன்,
மட்டம் பார்த்து நோட்டில் எழுதுகிறவன்.
பதினாறு வருஷம் தண்ணீரைப் பார்த்தேன்.
மணலைப் பார்த்ததில்லை.

ஹமீதா வந்துதான் காட்டினாள்.
தேனூருக்கு எதிரே
மணல் லாரிகள் விட்டுவைத்த மிச்சத்தில்
நெற்களம் அகலத்துக்கு ஒரு திட்டு.
அதில் மாட்டுக் குளம்படி ஆழத்தில்
பதினோரு குழி.
கூழாங்கல் என்று நான் நினைத்தவை முட்டைகள்.
"கால வைக்காதீங்கண்ணே!" என்று கத்தினாள்.
தூக்கின கால் தூக்கினபடி
கொக்கு மாதிரி நின்றேன்.

ஆலா.
பங்காளிகள் எல்லாம் கடலோரமாம்.
இது மட்டும் ஆற்றை நம்பி
உள்ளே வந்துவிட்ட கிளை.
மஞ்சள் அலகு, கருப்புத் தொப்பி, கத்தரிக்கோல் வால்.
என் தலைக்கு மேலேயே சுற்றித் திட்டியது.
திட்டு புரிந்தது.

சித்திரை வெயில்.
செருப்பைக் கழற்றினால் தோல் மணலோடு போகும்.
ஒன்று எழுந்து மடுவுக்குப் போனது,
வயிற்றை நனைத்தது,
வந்து முட்டைமேல் உட்கார்ந்தது.
எண்ணினேன், நான்கு சொட்டு.
மறுபடி போனது.
மறுபடி நான்கு. ஒருதரம் மூன்று.
சிரிப்பு வந்தது எனக்கு, பிறகு வரவில்லை.
நானும் இந்த வேலைதான் பார்க்கிறேன்,
என் கணக்கு கன அடியில்.

"பொரிக்க இன்னும் ஒன்பது நாள் ஆகும்ணே."
அழகர் ஆற்றில் இறங்க ஆறு நாள்.
தண்ணீர் விட உத்தரவு நாலாம் நாள்.
தேதி தள்ளி வாருமய்யா என்று அழகரிடம் சொல்ல
எந்த லஸ்கருக்கு வாய் இருக்கிறது?
எனக்கே நேர்த்திக்கடன் உண்டு.
வருஷா வருஷம் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுவேன்,
மலையிலிருந்து வந்த சாமிக்குச்
சூடு தணியட்டும் என்று.
இதைச் சொன்னபோது அவள் திட்டைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.

சிமெண்டுச் சாக்கு அறுபது,
மைத்துனன் ஒச்சப்பனின் டயர் வண்டி.
பொழுது சாய்ந்த பிறகு கால் அடி,
மறுநாள் கால் அடி,
அடியில் மணல்சாக்குக் கொடுத்துக்
குழிகளை ஏற்றினோம்.
ஒரேயடியாக ஏற்றினால் தாய் நம்பாதாம்.
கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியும்
மூன்று தாய்கள் நம்பவில்லை.
ஒரு கூட்டை நாய் நக்கியது.
ஒன்றை இருட்டில் நானே மிதித்தேன்.
அப்பளச் சத்தம்.

உத்தரவில் காலை ஆறு மணி,
மூன்று ஷட்டரும் முழுத் திறப்பு.
ராத்திரி பதினொன்றுக்கே
ஒன்றை மட்டும் இரண்டு அங்குலம் தூக்கினேன்.
ஆறு ஓடிவர வேண்டாம்,
நடந்து வரட்டும்.
நோட்டில் ஆறு மணி என்றே எழுதினேன்.
பேனா கொஞ்சம் திக்கியது.

விடிந்தபோது திட்டு இல்லை.
செம்மண் தண்ணீரில் ஆறு சாக்குக் குவியல்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று
சாய்ந்து, கரைந்து, போய்விட்டது.
அதன்மேல் இருந்தது
அந்த இடத்துக்கு மேலேயே
வெகுநேரம் பறந்தது.
மற்ற ஐந்தும் ஓட்டத்துக்கு முகம் கொடுத்து
உட்கார்ந்திருந்தன.
வயிறு நனைக்க இப்போது தூரமில்லை,
எழுந்து, பக்கத்திலேயே தொட்டு,
உட்கார்ந்துகொள்ளலாம்.

பச்சைப்பட்டு, மழை உண்டு என்று
ஊரெல்லாம் பேச்சு.
நான் போகவில்லை.
தோல்பையை ஒச்சப்பன் எடுத்துப்போனான்.

பத்தாம் நாள் ஹமீதாவின் போன்.
சிக்னல் விட்டு விட்டு வந்தது,
எண் மட்டும் தெளிவாகக் கேட்டது.
நோட்டில் குறிப்பு என்றொரு கட்டம்,
பதினாறு வருஷமாகக் காலி.
அதில் ஏழு என்று எழுதிவைத்தேன்.

மாதக் கடைசியில் ஏ.ஈ. வந்து புரட்டினார்.
"ஏழு என்னப்பா?"
"கசிவு சார்" என்றேன்.
கையெழுத்துப் போட்டார்.